பூச்சியம் காட்டும் மீற்றரை எப்போது நம்பலாம்

பெரிய றோட்டு வேலைகளில் றோலர் ஓடி மண்ணை இறுக்கிய பிறகு ஒருவர் மண்ணின் அடர்த்தியையும் ஈரத்தையும் அளக்கிற மஞ்சள் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைப்பார், நீளக் கைபிடியைக் கீழே தள்ளுவார், விலகி ஒரு நிமிடம் நிற்பார், பிறகு திரையில் வந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். யாழ்ப்பாணத்தில் இந்தப் பெட்டியோடு நான் போகிற இடங்களில் ஆராவது ஒருவர் கிட்ட வந்து, "தம்பி, உதுக்குள்ள அணுக்குண்டுச் சாமான் கிடக்காம், உண்மையோ? கிணத்துத் தண்ணிக்கு ஒண்டும் வராதோ?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. உள்ளே இருக்கிற கதிர் மூலம் உருக்கு உறைக்குள் அடைத்து ஒட்டியது, அது கசியாதவரை கிணற்றுக்கும் மண்ணுக்கும் ஒன்றும் சேராது என்று நின்று விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லுகிற டிடெக்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? மூலத்துக்குப் பூட்டு உண்டு, பதிவேடு உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு, கசிவுச் சோதனை உண்டு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். டிடெக்டரை மட்டும் பழுதாகிற வரைக்கும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நியூத்திரன் டிடெக்டர் பழுதானால் பெரும்பாலும் சத்தம் போடாது, சிவப்பு விளக்கும் எரியாது. பார்க்க நியாயமாகத் தெரிகிற ஒரு பிழையான எண்ணைத் தரும், அல்லது பூச்சியத்தைத் தரும். பூச்சியத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வரும். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் இறக்கும் கருவிகளைப் பராமரித்துவிட்டு ஊருக்கு வந்து இப்போது றோட்டு வேலைகளில் இருக்கிறேன், இரண்டு இடத்திலும் இதே கதைதான்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த வகைக் கருவிகளில் வழமையாக இரண்டு மூலங்கள் இருக்கும். மண்ணின் அடர்த்திக்கு 0.3 கிகாபெக்கரல் அளவில் சீசியம்-137, ஈரத்துக்கு 1.48 கிகாபெக்கரல் அளவில் அமெரிசியம்-241 உம் பெரிலியமும் கலந்த மூலம். அமெரிசியம் விடுகிற அல்பாத் துணிக்கை பெரிலியத்தில் படும்போது நியூத்திரன் வெளிவரும். இந்த அளவு மூலத்தில் விநாடிக்கு 70 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரம் வரை வரும். எல்லாம் வேகமானவை. அவை மண்ணுக்குள் போய் பெரிய அணுக்களில் பட்டுத் தெறிக்கும்போது வேகம் அவ்வளவாகக் குறையாது, ஐதரசனில் பட்டால் மட்டும், ஒரே அளவு மாபிள் இரண்டு மோதினமாதிரி, ஒவ்வொரு மோதலிலும் சராசரியாகச் சக்தியில் பாதியைக் கொடுத்துவிடும். மண்ணில் ஐதரசன் என்றால் அனேகமாகத் தண்ணீர். ஆகவே திரும்பி வருகிற மெதுவான நியூத்திரன்களை எண்ணினால் ஈரம் தெரியும்.

எண்ணுவதில்தான் சிக்கல். நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை, வாயுவுக்குள்ளால் ஓடினால் ஒரு இலத்திரனைக்கூடத் தட்டிவிடாது. 1932 இல் சாட்விக் அதைக் கண்டுபிடித்ததும் அது மோதித் தள்ளிய புரோத்தன்களை வைத்துத்தான். இன்றைக்கும் நாங்கள் நேரடியாக நியூத்திரனைப் பார்ப்பதில்லை, அதை விழுங்கி ஏற்றமுள்ள துணிக்கைகளைக் கக்குகிற ஒரு அணுவை நடுவில் வைக்கிறோம். பெரும்பாலான கருவிகளில் அது ஈலியம்-3. மெதுவான நியூத்திரனை அது விழுங்கினால் ஒரு புரோத்தனும் ஒரு திரித்தியமும் பறக்கும், இரண்டுக்கும் சேர்த்து 764 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தி. அவை வாயுவை அயனாக்கி ஒரு சின்ன மின் துடிப்பை உண்டாக்கும். பழைய கருவிகளில் போரன் முப்புளோரைட்டு வாயு நிரப்பிய குழாய்கள் இருக்கும், அதில் போரன்-10 இந்த வேலையைச் செய்யும். அந்த வாயு நச்சு, அரிக்கும் தன்மையும் உண்டு, ஆகவே பழைய குழாய் ஒன்று கையில் வந்தால் அதை உடைத்துப் பார்க்கும் எண்ணமே வரக்கூடாது.

சரி, துடிப்பு வந்துவிட்டது. காமாக் கதிரும் அதே குழாய்க்குள் துடிப்பு உண்டாக்கும், ஆனால் சின்னதாக. ஈலியம்-3 குழாயில் நியூத்திரன் துடிப்பு 191 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழே அனேகமாக வராது. அந்தக் கீழ் எல்லை எப்படி வருகிறதென்றால், புரோத்தன் முழுவதுமாகச் சுவரில் மோதித் தொலைந்தாலும் திரித்தியத்தின் 191 மிஞ்சும். காமாவும் மின் இரைச்சலும் அதற்கு நல்ல கீழே நிற்கும். துடிப்புகளை அளவுப்படி பிரித்து வரைபு கீறினால் இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தில்தான் டிஸ்கிரிமினேட்டரை, அதாவது எந்த அளவுக்கு மேற்பட்ட துடிப்பை எண்ணுவது என்ற எல்லையை, நிறுத்த வேண்டும். மேலே ஏற்றி வைத்தால் உண்மையான நியூத்திரன்களைத் தவறவிடுவீர்கள், கீழே இறக்கினால் காமாவையும் கரண்ட் இரைச்சலையும் நியூத்திரன் என்று எண்ணுவீர்கள். ஏற்றி வைத்ததுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அப்போது எண் குறைவாக வரும், குறைவாக வந்தால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள்.

உயர் வோல்ற்றளவையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். ஈலியம்-3 குழாய்க்குப் பெரும்பாலும் ஆயிரம் வோல்ற்றுக்குக் கிட்ட, போரன் குழாய்க்கு 2000 இலிருந்து 3000 வரை. மூலத்தை ஓரிடத்தில் அசையாமல் வைத்து வோல்ற்றளவைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கையை எழுதி வரைபு கீறினால், முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு ஒரு தட்டையான பகுதி வரும், அதற்கப்பால் மறுபடி ஏறும். வேலை வோல்ற்றளவு அந்தத் தட்டையின் மேல் இருக்க வேண்டும். கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் எண்ணிக்கை மாறாமல் இருக்கிற இடம் அது. குழாய் பழுதாகிக்கொண்டு போகும்போது இந்தத் தட்டை குறுகும், சரியும். வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த வரைபைக் கீறிப் பழைய வரைபின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாயின் ஆயுளைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்கிற வேறு சோதனை எனக்குத் தெரிந்து இல்லை, ஒரு காலைப்பொழுதுதான் செலவு.

வோல்ற்றளவு இருக்கும்போது கேபிளைக் கழற்றாதீர்கள், பூட்டாதீர்கள். துடிப்பைப் பெரிதாக்குகிற முன்பெருக்கியின் முதல் திரான்சிஸ்ரர் அந்த ஒரு அடியில் செத்துப்போகும், அது செத்தால் நீங்கள் பார்க்கப்போவது சுத்தமான, அமைதியான பூச்சியம்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். கருவியோடு வரும் கைநூல்களில் ஈரப்பதன் பற்றி ஒரு வரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு வரிதான் பாதி வேலை. எங்கே நின்றாலும் கடல் கிட்ட. சோளகம் வீசும்போது உப்புத் தூவலோடு புழுதியும் வரும், மாரியில் வாடைக்காற்றோடு சுவரே வியர்க்கும். ஆயிரம் வோல்ற்று போகிற ஒரு இணைப்பியின் காவலியில் உப்புப் படலம் படிந்து, அதன்மேல் ஈரமும் சேர்ந்தால், மேற்பரப்பு வழியே மின் ஒழுகும். சின்னச் சின்னப் பொறிகளாக. ஒவ்வொரு பொறியையும் கருவி ஒரு நியூத்திரன் என்று எண்ணும். அதனால் மழைக்காலத்தில் கருவி ஈரம் கூட என்று காட்டினால் மண்ணில் ஈரம் கூடவா கருவிக்குள் ஈரம் கூடவா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நியூத்திரன்கள் எழுந்தமானமாக வருகிறவை, அவற்றின் எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கருவியை அசைக்காமல் வைத்து ஒரு நிமிட அளவீடுகள் இருபது எடுங்கள். சராசரி 400 என்றால் அதன் வர்க்கமூலம் 20, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள் 380 க்கும் 420 க்கும் இடையில் விழ வேண்டும். அதைவிட நல்லாகச் சிதறினால் இடைக்கிடை ஏதோ பொறி விழுகிறது, ஒழுக்கு இருக்கிறது. அதைவிட மிகவும் ஒழுங்காக, எல்லாம் 400 ஐ ஒட்டியே வந்தாலும் சந்தோசப்படாதீர்கள், அது நியூத்திரன் இல்லை, ஏதோ ஒரு மின்சுற்று தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு ஒழுங்கு கதிர்த்தொழிற்பாட்டில் கிடையாது. இந்தச் சோதனைக்குக் கருவியும் பேனையும் போதும், ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

ஒழுக்கு என்று தெரிந்தால், வோல்ற்றளவை இறக்கி, கொண்டென்சர்கள் வெறுமையாகக் கொஞ்சம் பொறுத்து, குழாயை முன்பெருக்கியிலிருந்து கழற்றிவிட்டு, குழாய் இல்லாமல் மறுபடி வோல்ற்றளவைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை வந்தால் குழாயில் குற்றமில்லை, கேபிளிலோ இணைப்பியிலோ பெருக்கியிலோதான். குழாயின் விலையை நினைத்தால் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் குழாயை மாற்றுவது பெரிய அநியாயம். துப்பரவாக்க, சுத்தமான ஐசோபுரொப்பைல் அற்ககோலும் நூல் உதிராத துணியும் போதும். துடைத்த பிறகு காவலியில் விரல் படக்கூடாது, எங்கள் வியர்வையும் உப்புத்தான். இளஞ்சூட்டுக் காற்றில் காயவிட்டு மூடுங்கள். உள்ளே வைக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் அன்றைக்கே மாற்ற வேண்டும், அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டால் அந்தப் பை ஈரத்தைத் திருப்பி விடத் தொடங்கும்.

ஏசி போட்ட வாகனத்திலிருந்து கருவியை எடுத்து உடனே மத்தியான வெக்கையில் வைத்து இயக்குகிறவர்களுக்கும் ஒரு சொல். குளிர்ந்த உலோகத்தில் நீர் படியும், உள்ளேயும்தான். பெட்டியை மூடியபடியே நிழலில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

இந்த ஊரின் உப்பு கருவிக்குள் மட்டும் குழப்பம் செய்வதில்லை, மண்ணுக்குள் இருந்தும் செய்கிறது. கல்லுண்டாய் வெளி, வல்லை வெளி, ஆனையிறவுப் பக்கம் மாதிரி இடங்களில் மண்ணே உப்பு. என்னோடு வேலை செய்கிற ஒரு பொடியன், நல்ல கவனமானவன், ஒருநாள் வந்து, "அண்ணை, காலமை பிளாஸ்ரிக் கட்டையில வைச்சு நியம எண்ணிக்கை எடுத்தனான், வடிவா வந்தது. ஆனா இந்த மண்ணில மட்டும் அடுப்பில உலர்த்திப் பாத்தா கூட ஈரம் வருது, மீற்றர் குறைச்சுக் காட்டுது. டிடெக்டர் பிழையோ?" என்றான்.

டிடெக்டர் பிழையில்லை. உப்பில் இருக்கிற குளோரின், மெதுவான நியூத்திரன்களை விழுங்கும். அணுவுக்கு அணு பார்த்தால் ஐதரசனைவிட நூறு மடங்கு. கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது. அந்த நீரிலுள்ள ஐதரசன் முழுவதும் எவ்வளவு விழுங்குமோ அதில் பாதியளவை இந்தக் குளோரின் கூடுதலாக விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட நியூத்திரன் குழாய்க்குத் திரும்பி வராது, கருவி அதை "ஈரம் குறைவு" என்று வாசிக்கும். "அப்ப என்ன அண்ணை, ஈரம் கொஞ்சம் குறைச்சுக் காட்டினா என்ன வரப்போகுது?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். கருவி முதலில் ஈர மண்ணின் அடர்த்தியை அளக்கிறது, அதிலிருந்து ஈரத்தைக் கழித்து உலர் அடர்த்தியைச் சொல்கிறது. ஈரம் குறைவாக வந்தால் உலர் அடர்த்தி கூடி வரும். அதாவது சரியாக இறுகாத மண், இறுகிவிட்டது என்று பாஸ் ஆகிவிடும். அதன்மேல் தார் போட்டு இரண்டு மாரி போனால் றோட்டு இருக்கும், அமிழ்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஒருவரும் குளோரினைத் தேடமாட்டார்கள், கொந்தராத்துக்காரர் தாரைத் திருடினார் என்றுதான் பேச்சு வரும்.

இதற்கு மருந்து எளிது. அந்த மண்ணிலேயே பல இடங்களில் மாதிரி எடுத்து, 110 பாகை அடுப்பில் உலர்த்தி, கருவியின் அளவோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தைத் திருத்தமாகக் கருவிக்குள் கொடுக்க வேண்டும். மண் மாறினால் திருத்தமும் மாறும், ஊருக்கு ஊர் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு போகமுடியாது. ஜிப்சம், தார், இலைகுழை கலந்த மண் என்றால் எதிர்ப்பக்கமாகப் பிழைக்கும், அவற்றில் தண்ணீராக இல்லாத ஐதரசன் இருப்பதால் ஈரத்தைக் கூட்டிக் காட்டும்.

நியம எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் கருவியோடு வருகிற பிளாஸ்ரிக் கட்டையின்மேல் வைத்து எடுப்பது. ஈரத்துக்கான எண், கடைசி நான்கு நாள் சராசரியிலிருந்து 2 வீதத்துக்குள் நிற்க வேண்டும், அடர்த்திக்கு 1 வீதம். சுவரிலிருந்தும் வாகனத்திலிருந்தும் குறைந்தது 3 மீற்றர் தள்ளி, வேறு கருவி இருந்தால் 10 மீற்றர் தள்ளி வைத்து எடுக்க வேண்டும். கிட்ட நிற்கும் ஆளும் கணக்குத்தான், மனித உடம்பு பெரும்பகுதி தண்ணீர், நியூத்திரனை மெதுவாக்கித் திருப்பி அனுப்பும். அகழிக்குள் வைத்து அளக்கும்போதும் இதே காரணத்தால் அகழிச் சுவர் எண்ணைக் கூட்டும். அமெரிசியத்தின் அரைவாழ்வுக்காலம் 432 வருடம். உங்கள் வாழ்நாளில் அந்த மூலம் தேயாது. ஆகவே ஈர எண் மாதம் மாதம் இறங்கிக்கொண்டு வந்தால் "மூலம் பழசாயிட்டுது" என்ற பதிலை ஏற்காதீர்கள், டிடெக்டர் பக்கம்தான் பாருங்கள். கலிபோனியம்-252 வைத்திருக்கும் இடங்களில் கதை வேறு, அதன் அரைவாழ்வுக்காலம் 2.6 வருடம்தான், அங்கே ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் தேய்வுக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். சீமெந்து ஆலைகளில் பட்டியில் ஓடும் கல்லை ஓடஓடப் பகுத்துப் பார்க்க அதைப் பயன்படுத்துவார்கள். காங்கேசன்துறை ஆலை 1990 இல் நிற்காமல் இருந்திருந்தால் எங்கள் பொடியள் பலர் இந்த வேலையை ஊரிலேயே பழகியிருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

இனி பாதுகாப்புக்கு வைக்கும் கையடக்க மீற்றர். முன்பு நான் இருந்த ஒரு வேலைத்தளத்தில், பெயர் வேண்டாம், நியூத்திரன் மூலம் வைத்த அறைக்குக் கொடுத்திருந்தது ஒரு கைகர் மீற்றர் மட்டும். அது காமாவுக்கானது. மூலத்தைச் சுற்றி ஈயக் கட்டி அடுக்கிவிட்டு, மீற்றர் முள் அசையவில்லை, பாதுகாப்பு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார்கள். ஈயம் காமாவை மறித்தது உண்மை. நியூத்திரன் ஈயத்துக்குள்ளால் பெரிதாகத் தடை இல்லாமல் வரும். அதை மெதுவாக்கப் பொலித்தீன், மெழுகு, தண்ணீர் போல ஐதரசன் நிறைந்த பொருளும், பிறகு விழுங்கப் போரனும் வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே மேசை போட்டு ஆட்கள் வேலை செய்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம். ஒரே சக்தியை உடம்பில் விட்டாலும், 1 மெகா இலத்திரன்வோல்ற்றுக்குக் கிட்ட இருக்கும் நியூத்திரனின் பாதிப்பைக் காமாவைப்போல 20 மடங்கு என்று கணக்கெடுக்கச் சொல்கிறது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு. தொழிலாளிக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேட், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட் என்பது எல்லை. தவறான மீற்றரை வைத்துக்கொண்டு அந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

சரியான நியூத்திரன் மீற்றர் என்றால் பாரம். நடுவில் சின்னக் குழாய், சுற்றிவர ஒரு பெரிய பொலித்தீன் உருளையோ பந்தோ, தூக்கிக்கொண்டு நடக்கக் கை உளையும். அந்தப் பாரத்துக்காகத்தான் அது பல களஞ்சியங்களில் மூலையில் கிடக்கிறது. கிடக்கிற இடத்தில் பற்றரி ஒழுகும், இணைப்பி பச்சை பிடிக்கும். பிறகு ஒருநாள் தேவைக்கு எடுத்தால் பூச்சியம் காட்டும். இதை நம்பலாமா என்றால், வெளியே சாதாரண இடத்தில் நியூத்திரன் பின்னணி மிகக் குறைவு, வானத்திலிருந்து வருவது மட்டும்தான், ஆகவே நல்ல மீற்றரும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் காட்டும். நல்லதையும் செத்ததையும் அங்கே பிரித்தறிய முடியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பாவிக்க முன் தெரிந்த மூலத்துக்குக் கிட்ட, எப்போதும் அதே தூரத்தில், அதே பக்கமாக வைத்து எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். இந்த எண் வந்த பிறகு காட்டும் பூச்சியத்தை நான் நம்புவேன்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டிலிருந்து பாவித்த கருவி மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஈலியம்-3 திரித்தியம் தேய்ந்து கிடைக்கிற வாயு. துறைமுகங்களிலும் எல்லைகளிலும் கதிர்வீச்சு வாயில்கள் வைக்கத் தொடங்கியபின் 2008 அளவில் அதற்குப் பெரிய தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. அதனால் குழாய் செத்த கருவிகள் கைமாறுவது உண்டு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதி இல்லாமல் மூலத்தைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் முடியாது, ஆகவே பேரம் பேச முன்னமே அங்கே கேளுங்கள். விற்கிறவரிடம் மூலத்தின் சான்றிதழ், கடைசிக் கசிவுச் சோதனை, இரண்டையும் கேட்டு வாங்குங்கள், கசிவுச் சோதனையில் 185 பெக்கரலுக்கு மேல் வந்த கருவியைத் தொடவே வேண்டாம். இவற்றோடு கடந்த ஒரு வருட நியம எண்ணிக்கைக் கொப்பியையும், குழாயின் வோல்ற்றளவு வரைபையும் கேளுங்கள். கொப்பி தரமாட்டார், வரைபு கீறவில்லை என்றால், குழாய் புதிதாகப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்தக் காசைக் கழித்துத்தான் விலை சொல்லுங்கள்.